காட்டை அளக்கறவங்களைத் தேடி: ரோம்ல இருந்து யொயென்சூ வரைக்கும்

திங்கள், ரோம்

உலகத்துல காடு எவ்வளவு இருக்கு, வருஷத்துக்கு எவ்வளவு போகுதுன்னு நியூஸ்ல ஒரு எண் வரும் பாருங்க, அந்த எண்ணைத் தொகுக்கற ஆபீஸ் ரோம்ல சிர்கோ மாஸிமோ மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு. ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு, எல்லாரும் எஃப்.ஏ.ஓ.ன்னு சொல்றது. 1945ல கனடாவுல கியூபெக் நகரத்துல ஆரம்பிச்சு, கொஞ்ச வருஷம் வாஷிங்டன்ல இருந்துட்டு 1951ல இங்க வந்தாங்க. அவங்களோட முதல் உலகக் காட்டுக் கணக்கு 1948ல வந்துச்சு, போர் முடிஞ்சு எல்லாத்தையும் திரும்பக் கட்டிக்கிட்டிருந்த நேரம், அதனால அப்போ பெரிய கேள்வியே மரம் எவ்வளவு கிடைக்கும்ங்கறதுதான். இன்னைக்கு அதே கணக்குல பல்லுயிர், கார்பன், நோய், தீ, யாருக்குச் சொந்தம், எத்தனை பேருக்கு வேலைங்கற வரைக்கும் கேக்கறாங்க.

பல வருஷமா இந்த அறிக்கைகளை ஸ்கிரீன்ல மட்டுமே படிச்சிருக்கேன். எண் எந்த வழியா வருதோ அந்த வழியில ரயில்லயும் கப்பல்லயும் போய்ப் பாக்கணும்னு கிளம்பியாச்சு. தலைமையகத்துல ஆரம்பிச்சு, ஃபின்லாந்துல யொயென்சூங்கற ஊர்ப்பக்கம் ஒரு மரத்துக்குப் பக்கத்துல முடிக்கறதா பிளான்.

முதல்ல பெரிய எண்கள். 2025 அக்டோபர்ல வந்த உலக வன வள மதிப்பீட்டின்படி உலகத்துல 414 கோடி ஹெக்டேர் காடு, நிலப்பரப்புல 32 சதவீதம். காடழிப்பு 1990கள்ல வருஷத்துக்கு 1 கோடியே 76 லட்சம் ஹெக்டேரா இருந்தது, 2015ல இருந்து 2025 வரைக்கும் 1 கோடியே 9 லட்சமா குறைஞ்சிருக்கு. புதுசா வளந்ததையும் நட்டதையும் கழிச்சுப் பாத்தா நிகர இழப்பு வருஷத்துக்கு 41 லட்சம் ஹெக்டேர் சொச்சம். குறைஞ்சிருக்குங்கறது நிஜம், அதுக்காக நாடு நாடா உழைச்சவங்க இருக்காங்க, ஆனா 1 கோடியே 9 லட்சம் ஹெக்டேர்ங்கறது இன்னும் பயங்கரமான எண், அதை மறந்துடக் கூடாது.

இங்க ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். அஞ்சு வருஷம் முன்னாடி வந்த 2020 அறிக்கைல உலகக் காடு 406 கோடி ஹெக்டேர்னு இருந்துச்சு. இப்போ 414. அப்போ 8 கோடி ஹெக்டேர் காடு கூடிடுச்சான்னு கேட்டா இல்லவே இல்ல. ஒவ்வொரு சுற்றுலயும் நாடுகள் புது சர்வே, புது சாட்டிலைட் படம் வச்சு 1990ல இருந்து மொத்த வரிசையையும் திருத்தித் தருவாங்க, பழைய வருஷத்தோட எண்ணும் மாறும். அதனால ஒரு அறிக்கைக்குள்ள இருக்கற வருஷங்களைத்தான் ஒப்பிடணும், ரெண்டு அறிக்கையை எடுத்து ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிக்கறது தப்பான கணக்கு. இந்தத் தப்பைச் செஞ்சுட்டு "காடு வளருது"ன்னு தலைப்புப் போடறது ரொம்ப சுலபம்.

செவ்வாய், ரோம்

நேத்து சாயங்காலம் நாடுகளோட அறிக்கைகளைச் சரிபார்க்கற வேலை செய்யற ஒருத்தரைப் பாத்துப் பேசினேன். வெளிய நிறைய பேர் நெனைக்கற மாதிரி ரோம்ல உக்காந்து யாரும் உலகத்தை அளக்கறதில்ல. 236 நாடுகளும் பிரதேசங்களும் கணக்குல வருது, அதுல பெரும்பாலான இடத்துல அந்த அரசாங்கமே நியமிச்ச ஒரு நேஷனல் கரெஸ்பாண்டென்ட் இருப்பார், அவர் ஆன்லைன்ல படிவத்தை நிரப்பி அனுப்பணும். பல பேருக்கு இது அவங்க முழுநேர வேலையே கிடையாது, மத்த வேலைக்கு நடுவுல செய்யறது.

அந்தப் படிவத்தைக் கிட்டத்துல பாத்தா தான் புரியும். முதல்ல உங்க நாட்டு சர்வே எது, எந்த வருஷத்துது, என்ன ஸ்கேல்னு எழுதணும். அப்புறம் உங்க நாட்டு வகைப்பாடு, அடர்ந்த காடு, திறந்தவெளிக் காடு, புதர், தோட்டம்னு அவங்கவங்க வச்சிருக்கறது. அடுத்த கட்டத்துல அந்த ஒவ்வொரு வகையையும் உலகப் பொது வகைக்கு மாத்தணும், இந்தப் புதர் வகுப்புல இத்தனை சதவீதம் காடு, மீதி "மற்ற மர நிலம்"னு. அதுக்கப்புறம்தான் 1990, 2000, 2010, 2015, 2020, 2025ன்னு கட்டங்கள்ல எண். சர்வே நடந்தது 2008லயும் 2017லயும்னா நடுவுல இருக்கற வருஷத்துக்கு நேர்கோடு போட்டுக் கணக்கிடறாங்க, அதுக்கு அப்புறத்து வருஷத்துக்கு அதே கோட்டை நீட்டறாங்க. தப்புன்னு சொல்லல, வேற வழி இல்ல, ஆனா 2025ங்கற கட்டத்துல இருக்கற எண் 2025ல அளந்ததுன்னு யாரும் நெனச்சுடக் கூடாது. அதுக்காகவே தகவலோட தரத்தை மூணு படியா பிரிச்சு வச்சிருக்காங்க, பத்து வருஷத்துக்குள்ள எடுத்த தேசிய வனக் கணக்கெடுப்போ களத்துல சரிபாத்த சாட்டிலைட் ஆய்வோ இருந்தா மேல் படி, பழசா இருந்தா நடுப்படி, நிபுணர் அனுமானமா இருந்தா கீழ்ப்படி. என்னைக் கேட்டா அந்தப் படி எண்ணைத்தான் முதல்ல பாக்கணும், பரப்பளவு அப்புறம்.

அடுத்தது எதைக் காடுன்னு எண்ணறாங்கங்கறது. அரை ஹெக்டேருக்கு மேல நிலம், மரம் 5 மீட்டருக்கு மேல, மேலிருந்து பாத்தா 10 சதவீதத்துக்கு மேல இலைக்கூரை, அல்லது அந்த அளவுக்கு வளரக்கூடிய மரம். விவசாயமோ ஊரோ முதன்மையா இருக்கற நிலம் வராது. ரப்பர் தோட்டம் காடுன்னு எண்ணப்படும், எண்ணெய்ப்பனைத் தோட்டம் எண்ணப்படாது. வெட்டி மொட்டையா கிடக்கற நிலமும் அஞ்சு வருஷத்துக்குள்ள திரும்ப மரம் வரும்னா காடுதான். பல வருஷமா சண்டை நடக்கற இடம் இது, இயற்கைக் காடும் ஒரே ரக மரத்தோட்டமும் ஒரே வரில வருதேன்னு. அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனா அதே அறிக்கைல இயற்கையா முளைச்சது தனி, நட்டது தனி, நட்டதுல தோட்டக்காடு தனின்னு பிரிச்சும் கொடுத்திருக்காங்க, 92 சதவீதம் இயற்கையா முளைச்சதுன்னு இருக்கு, அந்த அட்டவணை வரைக்கும் யாரும் போறதில்லங்கறதுதான் பிரச்சனை.

இன்னொண்ணு சாட்டிலைட் ஆய்வு. உலகம் முழுக்க 4 லட்சம் மாதிரி இடங்கள், 126 நாடுகள்ல இருந்து 800க்கு மேல ஆளுங்க, ஒவ்வொருத்தரும் தனக்குத் தெரிஞ்ச நிலத்தைப் படத்துல கண்ணால பாத்து இது காடா, வயலா, மேய்ச்சலான்னு குறிச்சாங்க, 2022ல வந்துச்சு. 2000ல இருந்து 2018 வரைக்கும் நடந்த காடழிப்புல ஏறக்குறைய பாதிக்குக் காரணம் பயிர் நிலம், 38 சதவீதம் சொச்சம் மேய்ச்சல்னு அதுலதான் தெளிவாச்சு. உள்ளூர் ஆளுங்களே பாத்ததால வர்ற பலம் அது, கம்ப்யூட்டர் மட்டும் பாத்தா மாந்தோப்பையும் காட்டையும் பிரிக்கத் தடுமாறும்.

இதுக்கும், சாட்டிலைட் படத்தை வச்சுக் காட்டைக் கண்காணிக்கற குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்ங்கற இணையதளத்துல வர்ற எண்ணுக்கும் ஏன் ஒத்துப்போகலைன்னு அடிக்கடி கேக்கறாங்க. அங்க பாக்கறது மரக்கூரை போனதை, 30 மீட்டர் படத்துல. தீயில எரிஞ்சாலும், தோட்டத்துல முறைப்படி வெட்டி மறுபடி நட்டாலும், அது இழப்புன்னு பதிவாகும். எஃப்.ஏ.ஓ. பாக்கறது நிலத்தோட பயன்பாடு மாறிச்சாங்கறதை. ரெண்டும் தேவை. 2024ல வெப்பமண்டல முதன்மைக் காட்டுல மட்டும் 67 லட்சம் ஹெக்டேர் போச்சுன்னு அங்க வந்த எண், அதுல பாதிக்குக் கிட்ட தீயால, அதை அஞ்சு வருஷ அறிக்கைக்காகக் காத்திருந்து தெரிஞ்சுக்க முடியுமா.

புதன், மிலான்ல இருந்து ஜெனீவா போற ரயில்

சிம்ப்ளான் சுரங்கத்தைத் தாண்டினதும் சுவிட்சர்லாந்து, கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் இருட்டு, 1906ல திறந்தது. வெளிய வந்ததும் ரோன் பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் செங்குத்தான சரிவு, ஊருக்கு நேர் மேல கரும்பச்சையா ஒரு பட்டை காடு. அந்தப் பட்டை இல்லேன்னா பனிச்சரிவும் கல்லும் நேரா வீட்டு மேல வரும். 19ஆம் நூற்றாண்டுல மலைக்காடுகளை வெட்டித் தீர்த்து வெள்ளத்துல அடிபட்ட பிறகுதான் 1876ல இந்த நாட்டுல வனச் சட்டம் வந்துச்சு, காட்டுப் பரப்பு குறையவே கூடாதுன்னு. இன்னைக்கு இங்க இருக்கற காட்டுல ஏறக்குறைய பாதி பாதுகாப்புக் காடு.

ஜன்னல் வழியா அதைப் பாத்துக்கிட்டே வரும்போது, இந்தக் காட்டோட மதிப்பைப் பரப்பளவுல எப்படிச் சொல்லுவீங்கன்னு தோணுச்சு. ஐ.நா.ல நிலையான வன மேலாண்மைன்னா ஏழு அம்சம் சொல்றாங்க: எவ்வளவு காடு, பல்லுயிர், ஆரோக்கியம், மரமும் மத்ததும் தர்ற உற்பத்தி, மண்ணும் தண்ணியும் காக்கற வேலை, மக்களுக்கு அதால வர்ற வாழ்வு, கடைசியா சட்டமும் நிர்வாகமும். ஏழுல முதல் ஒண்ணுதான் பேப்பர்ல வருது. மீதி ஆறும் அளக்கக் கஷ்டம், செலவு ஜாஸ்தி, அதனால பல நாட்டுப் படிவத்துல அந்தக் கட்டங்கள் காலியாவே இருக்கு. காலிக் கட்டத்தைப் பத்தி யாரும் செய்தி போடறதில்ல.

வியாழன், ஜெனீவா

பாலே தே நாசியோன், இங்க இருக்கற ஐ.நா. கட்டிடம், ஐ.நா.வுக்கு முன்னாடி இருந்த லீக் ஆஃப் நேஷன்ஸுக்காகக் கட்டினது, பெரிய பூங்காவுக்குள்ள மயில் எல்லாம் சாவகாசமா நடந்துக்கிட்டிருக்கு. இங்க ஐரோப்பியப் பொருளாதார ஆணையமும் எஃப்.ஏ.ஓ.வும் சேந்து நடத்தற வன, மரப் பிரிவு இருக்கு, மரக் குழுன்னு 1947லயே ஆரம்பிச்சது. இங்க வேலை காட்டுக்கு வெளிய போன மரத்தோட கணக்கு. எவ்வளவு வெட்டினீங்க, எவ்வளவு பலகை, எவ்வளவு காகிதக் கூழ், எவ்வளவு ஏத்துமதின்னு நாலு அமைப்பு சேந்து ஒரே கேள்வித்தாளா அனுப்பறாங்க, எஃப்.ஏ.ஓ., இந்த ஆணையம், ஐரோப்பிய ஒன்றியத்தோட புள்ளிவிவர ஆபீஸான யூரோஸ்டாட், அப்புறம் யோகோஹாமால இருக்கற சர்வதேச வெப்பமண்டல மர அமைப்பு.

கேக்க சாதாரணமா இருக்கும், உள்ள போனா தலை சுத்தும். ஒரு நாடு இவ்வளவு உருட்டு மரம் அனுப்பினேன்னு சொல்லும், வாங்கின நாடு வேற எண் சொல்லும். எல்லாம் திருட்டுன்னு முடிவு கட்டிட முடியாது. ஒருத்தர் பட்டையோட அளப்பார், இன்னொருத்தர் பட்டை இல்லாம, அதுலயே பத்துல ஒரு பங்கு அளவுக்கு வித்தியாசம் வரலாம். ஒருத்தர் டன், இன்னொருத்தர் கன மீட்டர், ஈர மரமா காஞ்ச மரமாங்கறதைப் பொறுத்து மாத்தற கணக்கே மாறும். டிசம்பர்ல கப்பல் ஏறினது ஜனவரில இறங்கும். இதையெல்லாம் கழிச்ச பிறகும் மிச்சம் நிக்கற வித்தியாசம் இருக்கே, அதுதான் சட்டவிரோத மரத்தைத் தேடறவங்களுக்கு முதல் தடயம். அதனால பட்டையோடவா இல்லாமலாங்கற சின்னக் கட்டத்தை ஒழுங்கா நிரப்பறது பெரிய விஷயம்.

விறகு இன்னும் மோசம். உலகத்துல வெட்டற மரத்துல பாதி அடுப்புக்குத்தான் போகுது, அதை எந்த கேட்லயும் யாரும் எடை போடறதில்ல, வீட்டு சர்வே எடுத்தாதான் தெரியும், அது எடுக்காத இடத்துல மக்கள்தொகையை வச்சு மாடல் போட்டுக் கணிக்கறாங்க.

இன்னொரு பேச்சும் இங்க கேட்டேன், அறிக்கை எழுதற பாரம். ஒரே நாட்டு வன அலுவலகத்துக்கு எஃப்.ஏ.ஓ.வுக்கு ஒரு படிவம், காலநிலை ஒப்பந்தத்துக்கு ஒண்ணு, பல்லுயிர் ஒப்பந்தத்துக்கு ஒண்ணு, ஐ.நா. வன மன்றத்துக்கு ஒண்ணு, வட்டார அமைப்புக்கு ஒண்ணு. சின்ன நாடுகள்ல இத்தனைக்கும் ஒரே ஆள். 2015 மதிப்பீட்டு சுற்றுல இருந்து எஃப்.ஏ.ஓ., ஐரோப்பிய நாடுகளோட வன அமைப்பான ஃபாரஸ்ட் யூரோப், 12 நாடுகள் சேந்த மாண்ட்ரியல் செயல்முறை, மத்திய ஆப்பிரிக்க வனக் கண்காணிப்பகம்னு சேந்து ஒரு பொதுக் கேள்வித்தாள் கொண்டு வந்தாங்க, ஒரு தடவை கொடுத்தா எல்லாரும் எடுத்துக்கலாம்னு. சத்தமே இல்லாம நடந்த நல்ல சீர்திருத்தம் இது.

சனி, பான்

ரைன் நதிக்கரைல, முன்னாடி மேற்கு ஜெர்மனியோட எம்.பி.க்கள் ஆபீஸா இருந்த உயரமான கட்டிடம் இப்போ ஐ.நா. வளாகம். காலநிலை ஒப்பந்தச் செயலகமும் இங்கதான். வெளிநாட்டு நிதி காட்டுக்கு வர்ற கதவுன்னா அது இந்த ஊர் வழியா திறக்கும். 2013ல வார்சால ஒத்துக்கிட்ட விதிகளோட சாரம் இதுதான்: வளரும் நாடு காடழிப்பைக் குறைச்சேன்னு சொல்லி அதுக்குப் பணம் கேக்கணும்னா முதல்ல, ஒண்ணும் செய்யாம விட்டிருந்தா எவ்வளவு கார்பன் போயிருக்கும்னு ஒரு அடிப்படை அளவு தாக்கல் பண்ணணும், அதை வெளி நிபுணர்கள் ரெண்டு பேர், வளந்த நாட்டுக்காரர் ஒருத்தர், வளரும் நாட்டுக்காரர் ஒருத்தர், தோண்டித் துருவி ஆராய்ஞ்சு அறிக்கையைப் பொதுவுல போடுவாங்க. முதல்ல 2014ல தாக்கல் பண்ணினது பிரேசில்.

பிரேசிலால ஏன் முதல்ல வர முடிஞ்சதுன்னா அவங்க விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988ல இருந்தே அமேசானை வருஷா வருஷம் சாட்டிலைட்ல அளந்து எண்ணை வெளிப்படையா போட்டுக்கிட்டிருந்தது. 2004ல 27,772 சதுர கிலோமீட்டர், அதே வருஷம்தான் உடனடி எச்சரிக்கை தர்ற இன்னொரு முறையையும் கொண்டு வந்தாங்க, வன அதிகாரிகள் அந்த எச்சரிக்கையை வச்சு நேரா களத்துக்குப் போனாங்க, 2012ல 4,571க்கு இறங்குச்சு. கண்காணிப்பு மட்டும் காரணம் இல்ல, சட்டம், கடன் கட்டுப்பாடு, புது பாதுகாப்புப் பகுதி எல்லாம் சேந்தது, ஆனா எண் இல்லாம அதுல எதையும் செஞ்சிருக்க முடியாது. பின்னாடி அரசியல் மாறினப்போ மறுபடி ஏறுச்சு, அந்த ஏத்தத்தையும் அதே நிறுவனம்தான் உலகத்துக்குக் காட்டுச்சு. எனக்கு இந்தத் துறைல ரொம்ப மரியாதை இருக்கற விஷயம் அது, ஆட்சிக்குப் பிடிக்காத எண்ணையும் வெளியிடற நிறுவனம்.

பான்ல கவனிக்க வேண்டிய இன்னொண்ணு: காலநிலைக் கணக்குக்கு ஒவ்வொரு நாடும் தனக்கு ஏத்த வரம்பை எடுத்துக்கலாம், கூரை 10ல இருந்து 30 சதவீதத்துக்குள்ள, உயரம் 2ல இருந்து 5 மீட்டருக்குள்ள. எஃப்.ஏ.ஓ.வுக்குக் கொடுத்த வரையறையில இருந்து மாறினா காரணம் எழுதணும். அதனால ஒரே நாட்டுக்கு ரெண்டு இடத்துல ரெண்டு காட்டுப் பரப்பு இருந்தா அலற வேண்டியதில்ல, காரணம் எழுதியிருக்காங்களான்னு பாருங்க. எழுதலைன்னா அப்போ கேள்வி கேளுங்க.

திங்கள், எபர்ஸ்வால்டே

பெர்லினுக்கு வடகிழக்குல சின்ன ஊர். 1830ல இருந்து இங்க வனக் கல்வி இருக்கு, உலக வன ஆராய்ச்சி அமைப்புகளோட ஒன்றியம் 1892ல பொறந்ததும் இங்கதான். இப்போ ஜெர்மனியோட தேசிய வனக் கணக்கெடுப்பையும், ஐரோப்பா முழுக்க மரங்களோட உடல்நிலையைக் கவனிக்கற திட்டத்தையும் ஒருங்கிணைக்கற, அரசு ஆராய்ச்சி அமைப்பான தூனன் நிறுவனத்தோட பிரிவு இங்க இருக்கு.

அந்த உடல்நிலைத் திட்டம் 1985ல ஆரம்பிச்சது, அமில மழையால காடு செத்துக்கிட்டிருக்குன்னு ஐரோப்பாவே பதறின நேரம். 16 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளின்னு கண்டம் முழுக்க கட்டம் போட்டு ஒவ்வொரு கோடையிலும் அதே மரங்களைப் போய்ப் பாக்கறாங்க. செய்யற முறையைக் கிட்ட நின்னு பாத்தேன். ஒரு பீச் மரம், அடில பெயின்ட்ல நம்பர். மரத்தோட உயரம் அளவுக்குத் தள்ளி நின்னு, பைனாகுலர்ல உச்சிக் கூரையைப் பாத்து, முழு இலையோட இருக்க வேண்டிய மரத்துல எவ்வளவு குறையுதுன்னு அஞ்சு அஞ்சு சதவீதமா சொல்லணும். 15ஆ 20ஆ? ஒருத்தர் பாத்து 20ன்னார், கூட வந்தவர் சுத்திப் போய் இன்னொரு பக்கம் பாத்துட்டு 25ன்னார், ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்து எழுதினாங்க. காய் நிறைய காய்ச்ச வருஷம் இலை சின்னதாகும், அதையும் தனியா குறிக்கணும். நாட்டுக்கு நாடு கண்ணு மாறிடக் கூடாதுன்னு இவங்களுக்குன்னே பயிற்சி முகாம் நடத்தி ஒரே மரத்தை எல்லாரையும் மதிப்பிட வைக்கறாங்க. கருவி இல்லாத இந்த வேலைல ஒழுக்கம்தான் கருவி.

தேசியக் கணக்கெடுப்பு வேற மாதிரி. நாடு முழுக்க 4 கிலோமீட்டர் கட்டம், ஒவ்வொண்ணுலயும் 150 மீட்டர் சதுரத்தோட நாலு மூலைல மரம் அளக்கறது, சில மாநிலங்கள்ல இன்னும் நெருக்கமா. அந்த மூலையை வெளிய தெரியற மாதிரி அடையாளம் வைக்க மாட்டாங்க, இரும்பை மண்ணுக்குள்ள புதைச்சு வச்சிட்டு பத்து வருஷம் கழிச்சு டிடெக்டர் வச்சுத் தேடி எடுக்கறாங்க. ஏன்னா இது கணக்கெடுக்கற இடம்னு தெரிஞ்சா சொந்தக்காரர் அந்த மரங்களை மட்டும் விட்டு வைப்பாரு, அப்புறம் அந்த மரம் நாட்டுக் காட்டுக்குச் சாட்சி சொல்லாது. எனக்கு இந்தப் பயணத்துலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இந்தப் புதைச்ச இரும்புதான்.

2024 அக்டோபர்ல வந்த அவங்க முடிவைச் சொல்றேன், அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஜெர்மனியோட காட்டுப் பரப்பு ஏறக்குறைய 1 கோடியே 15 லட்சம் ஹெக்டேர், குறையல, கொஞ்சம் கூடவே இருக்கு. ஆனா 2018ல இருந்து வந்த வறட்சி, புயல், பட்டை வண்டு எல்லாம் சேந்து ஸ்ப்ரூஸ் மரங்களைச் சாய்ச்சதுல, 2017ல இருந்து அந்தக் காடு 4 கோடி டன்னுக்கு மேல கார்பனை இழந்திருக்கு. உறிஞ்சற காடு வெளிவிடற காடா மாறிடுச்சு. பரப்பளவை மட்டும் அறிக்கை பண்ணியிருந்தா இந்த நாடு பச்சை நிறத்துல இருந்திருக்கும். புதைச்ச இரும்பைத் தேடிப் போய் அதே மரத்தை மறுபடி அளந்ததாலதான் தெரிஞ்சது.

புதன், பால்டிக் கடல்ல

ட்ராவமுண்டேல இருந்து ஹெல்சிங்கிக்குக் கப்பல், ஏறக்குறைய 30 மணி நேரம், படிக்க நேரம் கிடைச்சது.

இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் பின்னாடி ஒரு தோல்வி இருக்கு. 1992ல ரியோல காலநிலைக்கு ஒப்பந்தம் வந்துச்சு, பல்லுயிருக்கு வந்துச்சு, காட்டுக்கு வரல. பணக்கார நாடுகள் கட்டுப்பாடு கேட்டாங்க, வெப்பமண்டல நாடுகள் எங்க காடு எங்க உரிமைன்னாங்க, கடைசில சட்டக் கட்டாயம் இல்லாத கொள்கைகள் மட்டும்தான் மிஞ்சுச்சு. அதுக்கு முன்னாடியே 1988ல வெப்பமண்டல மர அமைப்புக்காக டங்கன் பூர் தலைமைல ஒரு ஆய்வு செஞ்சாங்க, மரம் வெட்டற வெப்பமண்டலக் காட்டுல ஒரு சதவீதம்கூட நிலையான முறைல நிர்வகிக்கப்படலைன்னு முடிவு. அந்த அதிர்ச்சிதான் அளவுகோல் வேணும்ங்கற பேச்சைத் தூண்டுச்சு. 1992ல அந்த அமைப்போட அளவுகோல், 1993ல ஹெல்சிங்கில ஆரம்பிச்ச ஐரோப்பாவோடது, 1995ல சாண்டியாகோல மாண்ட்ரியல் செயல்முறையோடது, அமேசானுக்கு பெருவுல இருக்கற தரபோதோல, அப்படியே ஆப்பிரிக்க வறண்ட காடு, மத்திய அமெரிக்கான்னு வந்துச்சு.

ஒப்பந்தம் இல்லாததால அபராதம் இல்ல. ஐ.நா. வன மன்றம் 2000ல வந்துச்சு, 2017ல இருந்து 2030 வரைக்கும் ஒரு திட்டம், ஆறு இலக்கு, அதுக்குள்ள 26 உட்இலக்கு, 2030க்குள்ள உலகக் காட்டை 3 சதவீதம் கூட்டணும்னு ஒண்ணு. நிகரமா வருஷத்துக்கு 41 லட்சம் ஹெக்டேர் போய்க்கிட்டிருக்கறப்போ அது எட்டற தூரத்துல இல்ல. நாடுகள் தர்ற அறிக்கையும் விருப்பப்பட்டாதான். அதனால அறிக்கையே பிரயோஜனம் இல்லன்னு சொல்றவங்க கூட என்னால சேர முடியல. கட்டாயப்படுத்த சட்டம் இல்லாத இடத்துல, வெளிப்படையா இருக்கற எண் ஒண்ணுதான் பிடிமானம்.

ஆனா எந்த எண்? நிலையான வளர்ச்சி இலக்கு 15.2.1ல அஞ்சு துணைக் குறியீடு: பரப்பு மாறற வேகம், தரைக்கு மேல உயிர்ப்பொருள் அளவு, சட்டப் பாதுகாப்புல எவ்வளவு, நீண்டகால நிர்வாகத் திட்டத்துல எவ்வளவு, சான்றிதழ் பெற்றது எவ்வளவு. நாலாவதுல உலகக் காட்டுல 55 சதவீதம் வந்தாச்சுன்னு 2025 அறிக்கை. பத்து வருஷமோ அதுக்கு மேலயோ நீள்ற, எழுத்துல இருக்கற, அவ்வப்போ திருத்தற திட்டம் இருந்தா போதும், கணக்குல வந்துடும். திட்டம் இருக்குங்கறதும் திட்டப்படி நடக்குதுங்கறதும் வேற வேற. அலமாரில இருக்கற திட்டத்துக்கும் இந்த 55ல இடம் உண்டு.

வியாழன், ஹெல்சிங்கில இருந்து யொயென்சூ

ரயில் கொவோலால நின்னப்போ, தெற்க கொஞ்ச தூரத்துல கோட்கா இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. 1987ல இருந்து அந்தத் துறைமுக ஊர்லதான் உலகம் முழுக்க இருந்து வன நிபுணர்கள் பல தடவை கூடி, எது காடு, எதை எப்படி எண்ணணும்னு உக்காந்து தீர்மானிச்சாங்க. ரோம்ல பாத்த படிவத்தோட எலும்பு அங்க உருவானது.

ஃபின்லாந்துல நிலத்துல முக்கால் பங்கு காடு. 1921ல இருந்து 1924 வரைக்கும் இல்வெஸ்ஸலோங்கற விஞ்ஞானி வழிநடத்தி முதல் தேசியக் கணக்கெடுப்பை முடிச்சாங்க, தென்மேற்குல இருந்து வடகிழக்கா நாடு முழுக்க 26 கிலோமீட்டர் இடைவெளில நேர்கோடு போட்டு, ஏரி சதுப்புன்னு பாக்காம அந்தக் கோட்டு மேலயே நடந்து அளந்தாங்க. நூறு வருஷத்துக்கு மேலான வரிசை இன்னைக்குக் கையில இருக்கு, உலகத்துல ரொம்பக் கொஞ்சம் நாட்டுக்குத்தான் அந்தப் பாக்கியம்.

வெள்ளி, யொயென்சூக்கு வெளிய

காலைலயே களக் குழுவோட கிளம்பினேன். ஜிபிஎஸ் பிளாட்டுக்கு, அதாவது மரங்களை அளக்கக் குறிச்சு வச்ச இடத்துக்கு, பக்கத்துல கொண்டு விட்டுச்சு, அதுக்கப்புறம் நடுப்புள்ளியைத் தேடிப் பிடிச்சாங்க. நடுவுல ஒருத்தர் நின்னுக்கிட்டு, ஒவ்வொரு மரத்துக்கும் திசை, தூரம் சொல்ல, போன தடவைப் பதிவோட அது டாப்லெட்ல ஒத்துப்போகுதான்னு பாக்கறாங்க. இன்னொருத்தர் தரைல இருந்து 1.3 மீட்டர் உயரத்துல டேப்பைச் சுத்தி விட்டம் படிக்கறார், பெரும்பாலான நாடுகள்ல அதே உயரம்தான். சரிவா இருந்தா மேல் பக்கத் தரைல இருந்து. டேப் சாஞ்சா எண் கூடிடும், அதனால பின்னாடி கைய விட்டுத் தடவிப் பாத்து நேர் பண்ணினார், ஒவ்வொரு மரத்துக்கும். மாதிரி மரம் ஒண்ணுல துளைப்பான் வச்சுத் திருகி பென்சிலை விட மெல்லிசா ஒரு குச்சி உருவினாங்க, பைன் வாசனை குப்புன்னு வந்துச்சு, அதுல வளையங்களை எண்ணி சமீப வருஷங்கள்ல எவ்வளவு பருத்துருக்குன்னு படிச்சாங்க.

போன தடவை நின்ன ஒரு பிர்ச் இந்தத் தடவை கீழ கிடந்துச்சு. அதை விட்டுட்டு அடுத்த மரத்துக்குப் போகல. நீளம், விட்டம், கத்தியைக் குத்திப் பாத்து எந்த அளவு மக்கியிருக்குன்னு ஒரு தரம். ஐரோப்பியக் குறியீடுகள்ல பட்டுப்போன மரம் தனி வரி, வண்டு, பூஞ்சை, பறவைன்னு எத்தனையோ உயிர் அதை நம்பி இருக்கறதால. பல்லுயிர்ங்கற பெரிய தலைப்புக்குக் கீழ நாடுகள் உருப்படியா தரக்கூடிய எண்ல இது ஒண்ணு, அது இப்படி மண்டி போட்டு உக்காந்து குத்திப் பாத்தாதான் வரும், எந்த சாட்டிலைட்டும் கிடக்கற மரத்தோட மக்கலைச் சொல்லாது.

மதியத்துக்கு மேல கொசுவுக்கு நடுவுல குழுத் தலைவர் அம்மாகிட்ட கேட்டேன், பட்ஜெட் வெட்டினா முதல்ல எது போகும்னு. யோசிக்கவே இல்ல, நிரந்தர பிளாட்டுக்குத் திரும்பப் போறதுதான் போகும்னாங்க, ஏன்னா புது சாட்டிலைட் மேப் போட்டோக்கு நல்லா இருக்கும், பழைய மரத்தை மறுபடி அளக்கறது யாருக்கும் புதுசா தெரியாது. பல நாடுகள்ல இதுதான் நடந்துக்கிட்டிருக்கு, வெளிநாட்டு உதவில ஒரு தடவை அருமையா கணக்கெடுப்பு நடக்கும், ஆள் பயிற்சி எடுப்பாங்க, புராஜெக்ட் முடியும், ரெண்டாவது சுற்று வராது. ஒரு தடவை அளந்தா இருப்பு மட்டும்தான் தெரியும், வளருதா தேயுதாங்கறதுக்கு ரெண்டாவது தடவை வேணும். நிதி கொடுக்கற அமைப்புகளும் அரசாங்கங்களும் முதல் சுற்றுக்குக் கையெழுத்துப் போடும்போதே ரெண்டாவது சுற்றுக்கான பணத்தையும், அதைச் செய்யறவங்களோட சம்பளத்தையும் அந்தந்த நாட்டு பட்ஜெட்லயே நிரந்தரமா எழுதி வைக்கணும். அது இல்லாத நாட்டுக்கு அடுத்த உலக அறிக்கைலயும் பழைய கோட்டை நீட்டின எண்தான் வரும்.